கூட்டியோ குறைச்சோ ஒரு சென்டிமீட்டர்

பதிமூணு பதினாலு வயசு, நூற்று அறுபத்து நாலு
என்று கழுத்து லேபிளில் அச்சாகி வருகிறது.
எந்தத் தேசத்துப் பையனோ, முகம் தெரியாது.
தோள் தெரியும்.
கை எங்கே முடியுமென்று தெரியும்.
மேசையில் பரப்பிச் சுருக்கம் நீவி
நாடா வைப்பேன்.
கூட்டியோ குறைச்சோ ஒரு சென்டிமீட்டர் என்றால் பாஸ்,
மிஞ்சினால் ஆல்டர்.
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பையன்கள்.

எனக்கும் ஒருத்தன் இருக்கிறான்,
பதினைஞ்சு வேலம்பாளையத்து லைன் வீட்டில்.
தருணேஷ்.
பதினாலு முடியப்போகிறது.
நூற்று நாற்பத்தேழு.

பிரேயரில் எப்போதும் அவன்தான் முதல் ஆள்.
"முன்னால நிக்கறவன் லேட்டா வந்தா
உடனே தெரிஞ்சுருதும்மா" என்று சிரிக்கிறான்.
சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

இளையவள் மகிஷா அவனைவிட ரெண்டு விரக்கடை உசரம்.
கடை சாத்துமுன் ஓடுகிறவள் மாதிரி வளர்கிறாள்.

கம்பியில் தொங்கச் சொன்னார்கள்.
தகரக் கொட்டாயின் பைப்பு கழன்று வந்தது,
வீட்டுக்காரர் முன்னூறு கேட்டார்.
பாலில் கலக்கிற பவுடர் ரெண்டு டப்பா தீர்ந்தது.
இவன் அப்பா, "எங்கூட்டுல எல்லாம் வாட்டசாட்டம்,
உங்க பக்கந்தான்" என்றார்.
மூணு நாள் பேச்சில்லை.

எங்கள் பக்கம் என்றால் நான்தான்.
பதிமூணில் கைமடிக்கு வந்தவள்.
பவர் டேபிளுக்குக் கீழே நின்றே வளர்ந்தேன்,
அல்லது வளரவில்லை.
ராத்திரி ஒரு மணிக்கு டீயும் வருக்கியும்.
அம்மாவும் கட்டைதான்,
அது ரத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய இன்னொரு நான்
எங்காவது இருந்தால்
பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அவன் மணிக்கட்டைப் படமெடுத்தார்கள்.
டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
எலும்பின் நுனியில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு,
தையல் பிரிந்த இடம் போல.
"இது மூடலைங்க, இன்னும் வளருவான்.
சில பேருக்குப் பின்னால ஆரம்பிக்கும்.
முட்டை, பருப்பு குடுங்க.
ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறான்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து
பதினொண்ணு வரைக்கும் பிசிர் வெட்டுகிறான்.
பீஸுக்கு முப்பது பைசா.
மூட்டையை வீட்டுக்குக் கொண்டு வருகிறவள் யார்
என்று அவர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மூட்டை இல்லை.
வாடகை பத்தாம் தேதிக்குத் தள்ளிவிட்டது.
ஒன்பதரைக்கு விளக்கணைத்தால்
இருட்டில் கிடந்து பேசுகிறான்,
தூக்கம் பழகவில்லை அவனுக்கு.

சனிக்கிழமை கம்பெனியில் நாடா சோதனை.
இரும்பு ஸ்கேலோடு ஒட்டிவைத்து
இழுபட்டதையெல்லாம் கழித்துப் போட்டார்கள்.
அப்போதுதான் பொறி தட்டியது.
வீட்டில் தொங்குவது போன வருசம் கழித்த நாடா.
நீண்டுபோன நாடா குறைத்துத்தான் சொல்லும்.
இத்தனை மாசமாய் என் பிள்ளையை
அந்தப் பொய்யால் அளந்திருக்கிறேன்.

விடிய விடிய ஷிப்டு முடித்து
புது நாடாவோடு ஓடிவந்தேன்.
தூங்குகிறான்.
எழுப்ப மனசு வரவில்லை.
பாயிலேயே, பீஸை நீவுவது போல
முழங்காலை மெல்ல நீவி நேராக்கி
உச்சந்தலையிலிருந்து இழுத்தேன்.

நூற்று நாற்பத்தொன்பது.

படுத்திருந்தால் கொஞ்சம் கூடும், தெரியும்.
காலையில் கூடும், அதுவும் தெரியும்.
இன்னும் பதினைந்து குறைகிறது,
எந்தச் சீட்டிலும் பாஸாக மாட்டான்.

ஆனால் போர்வைக்கு வெளியே
கிடக்கின்றன ரெண்டு பாதம்.
இது எப்போது நடந்தது?
பொங்கலுக்கு எடுத்த செருப்பு ஓரமாய் இருக்கிறது,
வைத்துப் பார்த்தேன், குதிகால் வெளியே நிற்கிறது.

சட்டைக்குத் தெரியும் எனக்கு, கால்சட்டைக்குத் தெரியும்.
பாதத்துக்கு எங்கள் கம்பெனியில் அளவுச்சீட்டு கிடையாது.
நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு
முட்டையை வேகப் போட்டேன், ரெண்டு.